நவமிப் பாக்கி

அமாவாசைக்கு ஒன்றுமில்லை.
படுத்துக்கொள்வது மட்டும்.
கால் அகற்றி, உள்ளங்கை வானம் பார்க்க,
புதுவயல் மொட்டைமாடித் தட்டோடு
பகலில் குடித்த வெயிலை
முதுகுக்குத் திருப்பித் தரும்வரை.

பிரதமைக்கு ஒன்று: நிமிர்ந்து நிற்பது.
துவிதியைக்கு இரண்டு: நிற்பது, கை உயர்த்திச் சாய்வது.
மில் புகைபோக்கிக்கு மேற்கே
மூன்றாம் பிறை கீறலாய்த் தெரியும்போது மூன்று.
இப்படி ஏறி, பௌர்ணமிக்குப் பதினைந்து.
பிறகு தினம் ஒன்றாய்க் கழித்தல்,
அதுவும் விடியலில்.
தேய்கிற நிலாவுக்கு மாலையில் வேலை இல்லை.

யாரும் சொல்லித் தரவில்லை.
காரைக்குடி டாக்டர் கொடுத்தது
மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ் தாள்.
பதினைந்து கட்டத்திலும்
அந்தக் கோட்டுப் பெண்ணுக்கு முகமில்லை.
"செஞ்சு பாருங்க, தூக்கம் வரும்.
இந்த வயசுல தள்ளித் தள்ளித்தான் வரும்,
பயப்பட ஒண்ணுமில்ல."
வரிசையைப் பிறையோடு கட்டியது நான்.
பத்தொன்பது வருஷம் அரிசி ஆலையில்
கணக்கெழுதுகிறவள் வேறெப்படிச் செய்வாள்.

காலண்டரில் இரண்டு கணக்கு.
நீல மையில் திதி. சிவப்பில் நான்.
சிவப்பு,
ஆடியில் நாற்பத்தொரு நாள் கழித்து வந்தது,
ஆவணியை விட்டுவிட்டது,
புரட்டாசியில் எட்டிப்பார்த்துப் போய்விட்டது.
நீலத்திலும் சில மாதம் ஒன்று காணாமல் போகும்.
நேற்று பஞ்சமி, இன்று சப்தமி.
இடையிலிருந்த சஷ்டி
ஒரு சூரிய உதயத்தைக்கூடப் பார்க்காமல் முடிந்திருக்கும்.
கிட்டங்கியில் ஒரு மூட்டை குறைந்தால்
மூன்று பேருக்கு நான் பதில் சொல்லவேண்டும்.
வானத்தை யாரும் கேட்பதில்லை.

முதல் மாதம்
பூனைபோல் மண்டியிட்டு முதுகை வளைத்தபோது
கீழே லாரி மேலிருந்து ஒரு டிரைவர்:
"என்னக்கா, தோடு விழுந்துருச்சா?"
ஆமாம் என்றேன்.
டார்ச் அடித்தான்.
பாவம், வெகுநேரம் அடித்தான்.

ஐப்பசி வளர்பிறை நவமி.
ஐந்து முடிந்து
மூச்சு தொப்புளுக்குக் கீழே இறங்கியிருந்தது.
அவித்த நெல்லின் வாசம் களத்திலிருந்து ஏறிவந்தது.
ஆறாவதுக்குக் குனிந்து நிமிர்ந்தால்
உச்சியில் நின்ற நிலா இல்லை.
அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு காற்று.
தட்டோட்டில் ஒரு துளி, எட்டணா அகலத்துக்கு.
காவலாளி காசிலிங்கத்தின் விசில்.

களத்தில் முப்பது மூட்டை நெல், விரித்தபடி.

குந்தி அள்ளினோம், குனிந்து கூட்டினோம்,
காற்றில் எழும்பிய தார்ப்பாயை
ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் மிதித்தேன்.
அந்த மூலையிலிருந்து சகாயமேரி கத்தினாள்:
"கணக்கக்கா, முட்டி நல்லா வளையுதே!"
வளைந்தது.
மூச்சுதான் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.
இதையெல்லாம் ஆசனம் என்று சொல்லமாட்டேன்.
கோபமாய் இருந்தது,
மழை மேல், முதலாளி மேல்,
ஆவணி மாதத்தின் மேல்.

பாய்லர் சுவர் இன்னும் சூடாய் இருந்தது.
ஆறு பெண்கள் வரிசையாய் முதுகு சாய்த்தோம்.
தார்ப்பாய் மேல் மழை
ஓங்கிப் பெய்தது, தணிந்தது,
எதையோ மறந்தாற்போல் நின்று,
மறுபடி பெய்தது.
பூரணி வெற்றிலை மடித்து நீட்டியது வரை ஞாபகம்.
நான் தூங்கினேன் என்று அவள்தான் சொன்னாள்.
உமி மூட்டை மேல் தலை சரிந்து,
வாய் திறந்து,
நாலு மணிச் சங்கு ஊதியும் எழவில்லையாம்.

மறுநாள் கிழித்த தாளில் தசமி.
நவமிக் கணக்கில் நான்கு பாக்கி.
பேரேடு என்றால் அடுத்த பக்கத்தின் தலையில்
முன்பாக்கி என்று எழுதித்தான்
என் கை முதல் வரியைத் தொடங்கும்.
நீலப் பேனா எடுத்தேன். சிவப்பையும் எடுத்தேன்.
இரண்டையும் மூடி வைத்தேன்.

அன்று மாலை பத்து நிலை.
தட்டோடு ஈரம், வழுக்கியது.
ஒற்றைக்கால் நிலையை விட்டுவிட்டேன்.